மாப்பிள்ளைக்காகச் சாப்பிட்டவர்

மனிதகுலம் நான்கு காலை விட்டுவிட்டு இரண்டு காலில் எழுந்து நின்ற நாள் முதலாக அதன் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த எடை என்னும் பெரும்பகை, இன்று காலை பத்தரை மணியோடு வீழ்ந்துபட்டது என்பதை எடை ஒழிப்பு ஆணையம் பேருவகையுடனும் பெரும் பணிவுடனும் உலகுக்கு அறிவிக்கிறது. அனைவரும் எழுந்து நின்று கைதட்டுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

அறிவிப்பு வந்தது விருதுநகரில் ஒரு மருத்துவமனை வார்டின் சுவரில். நாதசுவரமெல்லாம் வைத்து அமர்க்களமாகத்தான் வந்தது. சுவர்கள் பேச ஆரம்பித்துவிட்ட காலம் அது; பேச ஆரம்பித்தால் நிறுத்தத்தான் வழி கிடையாது. எழுந்து நிற்க அங்கே ஆள் இல்லை. அது எலும்பு வார்டு.

ஏழாம் கட்டில் தனுஷ்கோடி கைகூடத் தட்டவில்லை. அவர் அப்போது பெட்பேன் மேல் இருந்தார். இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார்.

அவருக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான் பாக்கி. தன் காலால் நடந்து கழிப்பறைக்குப் போக வேண்டும். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட வேண்டும். வீடு கட்டினார், மகளைக் கட்டிக்கொடுத்தார், ஐம்பத்து மூன்று வயதில் ஆசை ஒரு தாழ்ப்பாள் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

தனுஷ்கோடி எடை அளவு ஆய்வாளர். கடைத் தராசிலிருந்து லாரியையே ஏற்றி நிறுக்கும் எடைமேடை வரை சோதித்து முத்திரை குத்துவது வேலை. ஒரு பருப்பு மில்லில் எடைமேடைக்கு அடியில் இருக்கும் குழியை மூட மறந்திருந்தார்கள். இவர் கீழே பார்க்க மறந்திருந்தார். தொடை எலும்பு மூன்று துண்டு, இடுப்பில் ஒரு விரிசல். குழியிலிருந்து தூக்கி மேடைமேல் கிடத்தியபோது அது எண்பத்தைந்து கிலோ காட்டியதாகவும், "பாருங்க சார், தராசு கரெக்டாத்தான் இருக்கு" என்று மில்காரர் அந்த நேரத்திலும் சொன்னதாகவும் பிற்பாடு கேள்விப்பட்டார்.

தொடைக்குள் ஒரு தாங்குதண்டு வைத்தார்கள். பழைய காலத்துக் கம்பி மாதிரி சும்மா கிடக்காது. இதற்குப் புத்தி உண்டு. டாக்டர் ஜெசிந்தா அதன் குணத்தைச் சொன்னார்.

"தண்டு ரெண்டு விஷயம் பார்க்கும் சார். ஒண்ணு, எலும்பு கூடியிருக்கணும். ரெண்டு, நீங்க எழுபத்தெட்டு கிலோவுக்குள்ள இருக்கணும். ரெண்டுல எது இல்லேன்னாலும், எந்திரிச்சு நின்னீங்கன்னா தொடையை மரத்துப்போக வச்சுரும். பொத்துன்னு உக்காந்துருவீங்க."

"எழுபத்தொன்பது இருந்தா?"

"உக்காந்துருவீங்க."

"கொஞ்சம் முன்னே பின்னே இருந்தா..."

"நீங்களே எடை இன்ஸ்பெக்டர். கடைக்காரருக்கு முன்னே பின்னே விட்டிருக்கீங்களா?"

விட்டிருக்கிறார். அதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

படுத்த படுக்கையில் கிடப்பவனுக்கு எடை ஏறாமல் இருப்பதே கஷ்டம். இதில் நம் ஊர் வழக்கம் வேறு. ஒருத்தன் விழுந்துவிட்டான் என்றால் ஊரே தின்பண்டத்தோடு வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சாத்தூர் காராச்சேவு, எலும்பு கூடுவதற்கென்று ஆட்டுக்கால் சூப். கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் என்றால் பரவாயில்லை. கண் முன்னால் தின்றால்தான் நகருவார்கள். அலுவலகத்திலிருந்து பதினோரு பேர் தனித்தனியாக வந்தார்கள். ஆளுக்கு ஒரு டப்பா. கட்டிலே தராசாகவும் இருந்தபடியால் தலைமாட்டில் எண் ஏறுவதைப் படுத்துக்கொண்டே பார்க்கலாம். தொண்ணூறைத் தாண்டியதும் தனுஷ்கோடி பார்ப்பதை நிறுத்தினார். பட்டினி கிடந்து பார்த்தார். பசியில் மனிதர் அழுதுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மேற்படி பெரும்பகை வீழ்ந்த செய்தி வந்தது. வீழ்த்திய ஆயுதத்தின் பெயர் வயிற்றிழை. முடி அளவு நூல். சாப்பிடுகிற ஒருவரின் வயிற்று நரம்பில் ஒன்று, நோயாளியின் வயிற்று நரம்பில் ஒன்று. அவர் சாப்பிட்டால் இவருக்கு வயிறு நிறையும். அவர் சாத்தூரில் இருந்தாலும் சரி, சிங்கப்பூரில் இருந்தாலும் சரி. நோயாளியின் சொந்த வயிறு வாயை மூடிக்கொள்ளும். பசி இல்லை, தீனி இல்லை, எடை தானாக இறங்கும். ஓர் ஆறு மாதத்தில் நூல் கரைந்துவிடும். அதுவரை எடுக்க முடியாது.

"அங்கே வயிறு எப்படி இருக்கோ, இங்கே அப்படியே வந்து சேரும். உள்ளது உள்ளபடி," என்று ஆணையத்து ஆள் பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமையை யாரும் நின்று யோசிக்கவில்லை.

இன்னொருவருக்காகச் சாப்பிடுகிறவருக்கு ஆணையம் வைத்த பெயர் பதிலுண்ணி. அளவாகச் சாப்பிடப் பயிற்சி பெற்ற பதிலுண்ணிகள் மருத்துவமனையிலேயே இருந்தார்கள். மூன்று இட்லி, ஒரு கிண்ணம் கீரை, வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். டாக்டர் அவர்களில் ஒருவரைச் சொன்னார்.

தனுஷ்கோடியின் மனைவி கோமதி விடவில்லை. "யாரோ ஒருத்தர் சாப்பிட்டு எங்க வீட்டு மனுசருக்கு வயிறு நிறையணுமா? எங்கண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில?"

அண்ணன் சங்கரநயினார். முன்னாள் நகராட்சி உறுப்பினர். பதவி போய் இருபது வருடம் ஆகியும் மைக் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. கல்யாணம், காதுகுத்து, ஆழ்குழாய்க் கிணறு திறப்பு எதுவானாலும் இரண்டு வார்த்தை பேசுவார். அது முக்கால் மணி நேரம் ஆகும். தங்கை புருஷனுக்காகச் சாப்பிட வேண்டும் என்றதும் வார்டு நடுவில் நின்று மார்பில் கை வைத்தார்.

"மாப்ள, ரத்தம் குடுத்தவன் இருக்கான். கிட்னி குடுத்தவன் இருக்கான். வயித்தையே குடுக்கிறவன் இந்தச் சங்கரநயினார் ஒருத்தன்தான்."

"மச்சானுக்கு எதுக்குச் சிரமம்..." என்றார் தனுஷ்கோடி.

"சிரமத்தப் பாத்தா சொந்தம் எதுக்கு?"

மறுவாரம் நூல் தைத்தார்கள். அதற்கடுத்த வாரம் சங்கரநயினார் 'அன்னத் தூதர்' என்று விசிட்டிங் கார்டு அடித்தார். பதிலுண்ணி என்ற பெயர் பேன், உண்ணி மாதிரி இருக்கிறதாம்.

முதல் சில நாட்கள் சுகமாகத்தான் இருந்தன. மணி எட்டானால் வயிற்றில் ஒரு கதகதப்பு இறங்கும். மச்சான் இட்லி சாப்பிடுகிறார். ஒன்றரைக்கு நிறைவு, மச்சான் சோறு. வாயில் ருசி வராது, வயிறு மட்டும் நிறையும். பால்கோவாவைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கோமதியிடம் தள்ளினார். கட்டில் எண் இறங்கியது.

ஆனால் அனுப்பிய நிறைவு அனுப்பியவரிடம் மிச்சம் இருக்காது. சங்கரநயினாருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் வயிறு நிறைந்த உணர்வே இல்லை. எண்ணெய்ப் பரோட்டா நான்கோடு எழுந்துகொண்டிருந்தவர் எட்டாக்கினார், பத்தாக்கினார். முகூர்த்த நாளில் மூன்று மண்டபம் ஏறி இறங்கினார். பந்தியில் பரிமாறுகிறவர் தயங்கினால், "எனக்கில்லப்பா, அங்க எங்க மாப்ள கட்டில்ல கெடக்காரு. போடு" என்பார். அதைக் கேட்டுக் கண்கலங்கி இன்னும் இரண்டு கரண்டி போடுவார்கள்.

அந்த இரண்டு கரண்டியும் ஏழாம் கட்டிலுக்கு வந்து சேர்ந்தது. தனுஷ்கோடி ஏப்பம் விட்டார். வயிற்றில் கல்லை வைத்துக் கட்டியதுபோல் கிடந்தார். எலும்புக்கென்று டாக்டர் எழுதிக்கொடுத்த முட்டையும் பயறும் பாலும் தட்டில் வந்து தட்டிலேயே திரும்பிப் போயின. ஒரு வாய் வைத்தால் குமட்டிக்கொண்டு வந்தது. கல்யாண விருந்துக்குப் பின்னால் யாருக்கு அவித்த பயறு இறங்கும்?

எண் எழுபத்தேழுக்கு வந்தது. வார்டே கைதட்டியது. தனுஷ்கோடிக்குத் தாழ்ப்பாள் போடும் சத்தம் காதில் கேட்கிற மாதிரி இருந்தது.

டாக்டர் ஜெசிந்தா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்தால் நல்லதில்லை.

"எடை சரி. எலும்பு கூடவே இல்லை."

"ஏன்?"

"எதை வச்சு சார் கூடும்? நீங்க சாப்பிட்டாத்தானே? குறைஞ்சதுல பாதி கொழுப்பே இல்லை, சதை. காலைப் பாருங்க, குச்சியாட்டம். எடை குறையறதுன்னா எது குறையுதுன்னு பார்க்கணும்."

முப்பது வருடம் எவ்வளவு என்று மட்டுமே பார்த்த மனிதர். எது என்று பார்க்கச் சொல்லி எந்தச் சட்டத்திலும் இல்லை.

"இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போச்சுன்னா, அப்புறம் கூடவே கூடாது," என்றார் டாக்டர். "அவரைக் குறைச்சுச் சாப்பிடச் சொல்லுங்க. நான் சொல்லிப் பார்த்துட்டேன். 'மாப்ள வாயால சொல்லட்டும், நிறுத்திக்கிறேன்'ங்கிறார்."

டாக்டருக்கு இது சின்ன விஷயம். அவருக்கு மாத்திரை பெயர் தெரியும், மச்சான் உறவு தெரியாது. நம் வீடுகளில் ஒருவரை அடிக்கலாம், கோர்ட்டுக்கு இழுக்கலாம். பத்து வருடம் கழித்து ஒரு சாவு வீட்டில் ராசியாகிவிடலாம். அவர் சாப்பிட்டதைச் சொல்லிக் காட்டினால் மட்டும் ஏழு தலைமுறைக்கும் ஆறாது. அதிலும் பெண் கொடுத்த வீட்டு மூத்த ஆள். அவர் இலையைப் பார்த்து 'குறைத்துக்கொள்ளுங்கள்' என்பதா?

கோமதியிடம் மெல்ல ஆரம்பித்தார். "உங்கண்ணன்கிட்ட நீ ஒரு வார்த்தை..."

"என்னன்னு?"

"கொஞ்சம் அளவா..."

கோமதி மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தாள். "எங்கண்ணன் திங்கிறத எண்ணிக்கிட்டாய்யா கெடக்கீரு? ஒம்மக்காகத்தானே திங்காக? ஒத்தப் பரோட்டாவுக்கு நீரு காசு குடுத்தீரா?"

அதோடு அந்த வழி மூடியது.

சங்கரநயினார் சனிக்கிழமைதோறும் வார்டுக்கே பார்சலோடு வந்து, ஸ்டூலைப் போட்டு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவார். அன்றைக்கும் வந்தார். இலையை விரித்தார். சால்னா வாசம் பன்னிரண்டு கட்டிலையும் தொட்டது.

"மச்சான்," என்றார் தனுஷ்கோடி.

"சொல்லுங்க மாப்ள."

"மழை உண்டுமா வெளியில?"

"எங்க? வெயிலு மண்டையப் பொளக்குது."

முதல் பரோட்டா போயிற்று. தனுஷ்கோடியின் வயிற்றில் அது வந்து அமர்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டார்.

"மச்சான்..."

"என்ன மாப்ள, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு. பத்தலையா? இன்னொரு செட்டு சொல்லட்டா?"

"கொஞ்சம் குறைச்சுக்கிடலாமே."

"என்னத்த?"

"சாப்பாட்ட."

பக்கத்துக் கட்டில்காரர் இருமலைக்கூட நிறுத்திவிட்டார். சங்கரநயினாரின் கை பரோட்டாவுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. பிய்த்த துண்டை இலையில் திரும்ப வைத்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கையைக் கழுவினார். மெதுவாக, ஒவ்வொரு விரலாகக் கழுவினார். கோமதி தலையில் அடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்ல யாருக்கும் எண்ணி எலை போட்டதில்ல மாப்ள," என்றார் துண்டால் துடைத்துக்கொண்டே. "பரவால்ல. நான் தின்னதுனாலதான் ஒங்க காலு கூடலேன்னு ஆயிப்போச்சு. அப்படித்தானே?"

"அப்படிச் சொல்லல மச்சான். டாக்டரம்மா..."

"இந்தா கேட்டுக்கிடுங்க. எல்லாரும் கேட்டுக்கிடுங்க." வார்டு நடுவுக்குப் போய்விட்டார், மார்புக்கும் கை போய்விட்டது. "எங்க மாப்ள காலு கூடற வரைக்கும் இந்தச் சங்கரநயினார் சோத்தத் தொடமாட்டான். மோரும் எளநியுந்தான். சங்கரன்கோயில் ஆத்தா மேல ஆணை!"

போய்விட்டார். இலையில் கிடந்த பரோட்டாவை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வயிற்றில் ஒன்றும் இறங்கவில்லை. ஒன்றரைக்கும் இறங்கவில்லை. சாயங்காலம் தனுஷ்கோடிக்குப் பசி காதை அடைத்தது. உள்ளது உள்ளபடி வந்து சேரும் என்று ஆணையத்து ஆள் சொன்னதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. நூல் நிறைவை மட்டும் கொண்டுவருவதாக எழுதி வாங்கிக்கொள்ளவில்லையே.

திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த முட்டையைச் சாப்பிட்டார். பயறு, பால், கஞ்சி எல்லாம் சாப்பிட்டார். பசி இம்மியும் குறையவில்லை. தன் சொந்த வயிறுதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறதே. எவ்வளவு போட்டாலும் 'போதும்' என்று சொல்ல ஆள் இல்லை. சாப்பிட்டது அவர், பட்டினி கிடந்தது மச்சான், பசித்தது அவருக்கு. பால்கோவா டப்பாக்களைத் திறந்தார். காராச்சேவைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலுக்கு வந்த கொத்துக்கறியை, "ஒரு வாய் பார்க்கலாமா?" என்று கேட்டு வாங்கினார். எடை அளவு ஆய்வாளர் அடுத்தவர் டிபன் பாக்ஸை எட்டிப் பார்க்கும் நிலைமை.

"குறைச்சுச் சாப்பிடுங்க சார்," என்றார் டாக்டர்.

"நானும் அதைத்தான் மச்சான்கிட்ட சொன்னேன்," என்றார் தனுஷ்கோடி, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு.

அங்கே சங்கரநயினாரின் விரதம் ஊர்ப் பேச்சாகிவிட்டது. அவர் முகத்தில் ஒரு வாட்டம் இல்லை. கல்யாண மண்டபங்களில் முதல் வரிசையில் உட்கார்ந்து, பந்தி ஓடுவதைச் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டு, இளநீரை உறிஞ்சினார். அவருக்குப் பசியே தெரியவில்லை. எப்படித் தெரியும்? அது முழுவதும் ஏழாம் கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆத்தாவின் அருள் என்று அவர் நம்பினார். மற்றவர்களும் நம்பினார்கள். இரண்டு பேர் காலில்கூட விழுந்தார்களாம்.

எலும்பு கூடிவிட்டது. அதை மறுக்க முடியாது. அவ்வளவு தீனிக்கு இரும்பே கூடியிருக்கும். டாக்டர் ஜெசிந்தா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்தத் தடவை உட்காரவில்லை. கட்டிலில் இடம் இல்லை.

தலைமாட்டு எண் தொண்ணூற்றைந்து.

ஆணையம் விழாவை வார்டிலேயே வைத்தது. வயிற்றிழையின் முதல் மாபெரும் வெற்றி. ஆணையர் வந்தார், அவருக்கு முன்னால் மாலை வந்தது, அதற்கும் முன்னால் மேடை வந்தது. வெள்ளிப் பூண் போட்ட தராசு ஒன்றையும் கொண்டுவந்திருந்தார்கள். நிறுப்பதைப் பார்க்கத் தனுஷ்கோடி கழுத்தை நீட்டினார்; தொழில் பழக்கம். தராசில் ஏறியவர் சங்கரநயினார்.

"இருபது கிலோ!" என்றார் ஆணையர், மைக்கில். "இருபது கிலோ குறைப்பு! எலும்பும் கூடிவிட்டது! இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?"

தனுஷ்கோடி கையைத் தூக்கினார். "சார், அவரு நோயாளி இல்ல. நான்தான்."

ஆணையர் பரிவோடு குனிந்தார். "ஐயா, திட்ட விதிப்படி நோயாளியும் பதிலுண்ணியும் ஓருடல். எடையைச் சேர்த்துத்தான் பார்ப்போம்."

தனுஷ்கோடி மனசுக்குள் கூட்டிக் கழித்தார். விரதம் ஆரம்பித்ததிலிருந்து மச்சான் இருபது இறங்கியிருக்கிறார், தான் பதினெட்டு ஏறியிருக்கிறார். இரண்டு கிலோ குறைவு. தராசு சரியாகத்தான் இருந்தது.

சங்கரநயினாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் இரண்டு வார்த்தை பேசினார். முக்கால் மணி நேரம் கழித்து, படம் எடுப்பதற்காக, "எங்க மாப்ள இப்ப எந்திரிச்சு நிப்பாரு!" என்று முடித்தார்.

"வேண்டாம்," என்றார் டாக்டர். யாருக்கும் கேட்கவில்லை. கோமதி ஒரு பக்கம், ஆணையர் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். தனுஷ்கோடி நின்றார். எலும்பு தாங்கியது. அவர் பார்வை வார்டுக் கோடியில் இருந்த பச்சைக் கதவுக்குப் போயிற்று. இருபது தப்படி இருக்கும். தாழ்ப்பாள் பளபளவென்று தெரிந்தது. அப்போது தண்டு தொண்ணூற்றைந்தைக் கணக்குப் பார்த்துவிட்டுத் தொடையை மரத்துப்போக வைத்தது. பொத்தென்று உட்கார்ந்தார்.

சுவர் கேட்டுக்கொண்டபடி எல்லாரும் கைதட்டினார்கள்.

பிறகு, விரதம் நிறைவேறியதை முன்னிட்டு, ஆணையர் தம் கையாலேயே சங்கரநயினாருக்கு லட்டு ஊட்டினார். கீழே பந்தல் போட்டு மட்டன் பிரியாணி. முதல் பந்தியில் முதல் இலை அன்னத் தூதருக்கு. வார்டு காலியாயிற்று.

கோமதி முட்டையும் பயறும் இருந்த தட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். முதல் வாய் எடுத்துப் போகும்போதே தனுஷ்கோடியின் வயிற்றில் கதகதவென்று ஒன்று இறங்கியது. அதன்மேல் இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று.

"ஏங்க, சாப்பிடலியா?"

"போதும்," என்றார். "மச்சான் சாப்பிட உக்காந்துட்டாரு."

"இப்பவாச்சும் அவரு நிம்மதியாத் திங்கட்டும். வாயத் தொறந்துராதீக."

அவர் திறக்கவில்லை. கட்டில் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மணியை அழுத்தினார்.

பெட்பேன் வந்தது.